பொங்கல்படி, கொடை வரி, ஒரு பிடி அரிசி: நெல்லை வீட்டுக் கணக்கில் சேமிப்புக்கு இடம் எங்கே?

ஆச்சி உலை வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உழக்கால் நாலு தடவை அளந்து சுளகில் கொட்டுவாள். கல் பொறுக்கிப் புடைத்த பிறகு கை நிறைய ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். அதற்கப்புறம்தான் மிச்ச அரிசியைக் களைவாள். காலையில் ஒரு பிடி, ராத்திரிக்கு ஒரு பிடி. "எதுக்கு ஆச்சி?" என்று கேட்டால், "அது நம்ம அரிசி இல்லட்டி" என்பாள். பிடிக்கு ஐம்பது கிராம் என்று வைத்தால் நாளைக்கு நூறு, மாதத்துக்கு மூன்று கிலோ. அது கோயில் காரியத்துக்கும் போகும், மாசக் கடைசியில் வீட்டு உலைக்கும் வரும். பானையில் ஒரு பிடி குறைந்ததை எங்கள் வீட்டில் யாரும் கண்டுபிடித்ததே கிடையாது.

பிடி அரிசியின் சூட்சுமம் அதை எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. உலையில் போடுமுன்னே எடுத்துவிட வேண்டும். வடித்து, பரிமாறி, மிஞ்சினால் எடுப்போம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. வீட்டுக் கணக்கில் சேமிப்பைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கலயம்தான்.

எங்கள் தெரு மகளிர் குழுவுக்குப் பல வருஷமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். குழுவில் பாதிப்பேர் பீடி சுற்றுகிறவர்கள். வீட்டுக்காரர்கள் கொத்தனார், ஆட்டோ, வாழைத்தார் லோடு ஏற்றுகிற வேலை என்று இருப்பார்கள். யாரும் ஊதாரி இல்லை. ஆனாலும் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "வருது மதினி, ஆனா கையில நிக்க மாட்டேங்குது." ஏன் என்று கேட்டால் உடனே பதில் வரும்: திடீர்ச் செலவு. "திடீர்னு கொடை வந்துட்டு. திடீர்னு பள்ளிக்கூடம் தொறந்துட்டான். திடீர்னு கொழுந்தனார் மக சடங்கு."

இந்தத் 'திடீர்' என்ற சொல்லில்தான் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. பொங்கல் தை ஒன்றாம் தேதி வருமென்று எல்லாருக்கும் தெரியும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வேன் பிடித்துப் போவோம் என்பதும் தெரியும். அம்மன் கோயில் கொடைத் திருவிழா அந்தந்த ஊரில் வழக்கமான மாசத்தில்தான் வரும்; கால்நாட்டுக்கு முன்னாலேயே ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, எவ்வளவு வரி என்று சொல்லிவிடுவார்கள். ஜூனில் பள்ளிக்கூடம், ஆவணியில் கல்யாண வரிசை, ஐப்பசியில் தீபாவளி. இதில் ஒன்றுகூட திடீரென்று வருவதில்லை. வருமானம் வாரக் கூலியாகச் சின்னச் சின்னதாக வருகிறது. செலவு வருஷத்தில் எட்டு பத்து தடவை பெரிய கட்டியாக வந்து விழுகிறது. இரண்டின் நடையும் ஒத்துப்போகாததால், தெரிந்த செலவும் திடீர்ச் செலவு மாதிரி ஆகிவிடுகிறது.

விவசாய வீடுகளில் இது தலைகீழ். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லும் நன்றாக விளைந்தால் வருஷத்துக்கு இரண்டு தடவை மொத்தமாகப் பணம் வரும். அரிசி, பருப்பு, டீத்தூள் செலவோ தினமும் ஓடும். அந்தக் காலத்தில் அறுத்த நெல்லைக் குலுக்கை என்ற மண் குதிரில் கொட்டி, அடியில் இருக்கும் துவாரம் வழியாக வேண்டியதை மட்டும் எடுத்தார்கள். விதைநெல்லை மட்டும் தனியாக வைக்கோலில் கோட்டை கட்டி வைத்தார்கள். பசிக்கிற மாசத்திலும் அந்தக் கோட்டையில் யாரும் கை வைப்பதில்லை. கூலி வீட்டுக்கு வேண்டியதும் அதே ஏற்பாடுதான். அங்கே நெல் இருந்த இடத்தில் இங்கே ரூபாய்.

ஒரு வீட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம்

கொத்தனார் ஒருவர். மழை, வேலையில்லாத நாள் எல்லாம் போக மாதம் 20 நாள், நாளைக்கு 900 ரூபாய் என்றால் 18,000. மனைவிக்குப் பீடிக் கூலி மாதம் 5,000. மகளிர் உரிமைத் தொகை 1,000. ஆக 24,000. பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், சொந்த ஓட்டு வீடு. ரேஷனில் அரிசி இலவசம் என்பதால் சாப்பாட்டுச் செலவு தாங்கும்படி இருக்கிறது. மளிகை, காய், மீன், பால், சிலிண்டர், பெட்ரோல், போன், மருந்து, பிள்ளைகள் கைச்செலவு எல்லாம் சேர்ந்து 19,500 ஆகிறது என்று வைப்போம். மாதம் 4,500 மிஞ்ச வேண்டும். அந்த வீட்டு அம்மாவைக் கேட்டால் ஐந்நூறுகூட மிஞ்சவில்லை என்பார். பொய் சொல்லவில்லை.

இப்போது வருஷக் கட்டிகளை எழுதிப் பார்ப்போம். பொங்கலுக்கு வீட்டுச் செலவும், கட்டிக்கொடுத்த நாத்தனாருக்குக் கொண்டுபோகிற பொங்கல்படியும் சேர்த்து 6,000. பங்குனி உத்திரத்துக்கு 3,000. கொடைக்கு வரி 2,000, வருகிற சொந்தக்காரர்களுக்குச் சோறு, துணிமணி 5,000. பள்ளி திறப்புக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் 9,000. மொய், சடங்கு, காதுகுத்து வருஷம் முழுக்க 8,000. தீபாவளிக்கு 12,000. வீட்டு வரி, தண்ணீர் வரி 1,500. பைக் இன்சூரன்ஸும் சர்வீஸும் 3,500. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற 4,000. கூட்டினால் 54,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்குச் சரியாக 4,500.

இந்த வீட்டின் கணக்கை முதல் தடவை நோட்டில் எழுதியபோது எனக்கே திக்கென்றது. மிச்சம் என்று நினைத்த 4,500 உண்மையில் மிச்சமே இல்லை. மாதாமாதம் காலண்டருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. அது தெரியாததால், பணம் இருக்கிற மாசத்தில் அது மிக்ஸியாகவும் புரோட்டாவாகவும் கரைந்துவிடுகிறது. கட்டி விழும் மாசத்தில் கடன் வாங்க வேண்டியதாகிறது.

கடன் எப்படி என்றும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் மூணு வட்டி சாதாரணம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். அந்த 54,000-ல் பாதியை, அதாவது 27,000-ஐ மூணு வட்டிக்கு வாங்கி, சராசரி ஆறு மாசத்தில் அடைக்கிறார்கள் என்று வைத்தால் வட்டி 4,860 ரூபாய். ஏற்கனவே முட்டி நிற்கிற கணக்கில் அது இன்னொரு கட்டி. அடுத்த வருஷம் அதையும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டும்.

"சேமிப்புக்கு எங்கே இடம்?" என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் சேமிப்புக்கான முதல் இடம், கடனே வாங்காமல் மிச்சமாகிற வட்டி. மாதாமாதம் கட்டிச் சேர்க்கிற தபால் நிலைய ஆர்.டி.யில் 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீத வட்டி. 36 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 6.7-க்குப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. முதலில் வட்டிக் கடனை அடைக்க வேண்டும். அதோடு, அடுத்து வருகிற கட்டிக்குக் கடன் வாங்காமலிருக்க முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

கந்துவட்டியைப் பற்றிச் சொல்லாமல் நெல்லையில் வீட்டுக் கணக்கு எழுத முடியாது. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பத்தின் உயிர்கள் தீயில் போயின. அதை நினைக்கும்போது இன்றும் மனசு ஆறுவதில்லை. கடன் மிரட்டலாக மாறினால் அது குடும்ப மானம் சம்பந்தப்பட்டது என்று மூடி வைக்கக் கூடாது. அது குற்றம், போலீசிலும் ஆட்சியரிடமும் மனு கொடுக்க வழி இருக்கிறது.

இப்போது கந்துவட்டிக்காரருக்குப் பதிலாக பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்துவிட்டு, வாரம் தவறாமல் 'குழு லோன்' வசூலுக்கு வருகிற கம்பெனிக்காரர்கள் அதிகம். ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்தின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சட்டத்துக்குப் பாதி சரி. ஆனால் 24,000-ல் 12,000 தவணை கட்டுகிற வீட்டுக்குக் கொடையும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. ஒருத்திக்கு மூன்று குழுவில் லோன் இருந்தால், நாலாவது குழுவுக்கு எங்கள் நோட்டில் நான் கையெழுத்து வாங்குவதில்லை. அதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

கைக்கு வருமுன்னே போகிற பணம்

என் அம்மா முக்கூடல் பக்கம் பிறந்தவள்; பத்து வயதிலிருந்து பீடி சுற்றியவள். மடியில் சுளகு, அதில் வெட்டின இலை, தூள், நூல். பேச்சு எங்கே போனாலும் விரல் நிற்காது. சாயங்காலம் கட்டிய கட்டுகளைப் பீடிக் கடைக்குக் கொண்டுபோவாள். கூலி வந்தால் கடுகு டப்பாவிலும், காருகுறிச்சியில் செய்த மண் உண்டியலிலும் கொஞ்சம் போடுவாள். அந்தக் காசு ஒரு தடவைகூட நிறைந்ததில்லை. உண்டியலின் வாய்க்குள் ஈர்க்குச்சி விட்டு எடுக்க அப்பாவுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

ஆனால் ஒரே ஒரு பணம் மட்டும் யார் கையிலும் சிக்காமல் சேர்ந்தது, பி.எப். பீடித் தொழிலுக்கு 1977-ல் வருங்கால வைப்பு நிதி கொண்டுவரப்பட்டது. கூலியில் 10 சதவீதம் பிடிப்பார்கள். கம்பெனியும் அதே 10 சதவீதம் கட்ட வேண்டும், அதில் பெரும்பகுதி பென்ஷனுக்குப் போகும். 2023-24-க்கு வட்டி 8.25 சதவீதம், இந்த அளவு வட்டி சாதாரண வங்கி டெபாசிட்டில் கிடைப்பது அரிது. என் கல்யாணத்துக்கு அம்மா எடுத்த பணம் அதுதான். ஆச்சியின் கலயமும் அம்மாவின் பி.எப்.பும் ஒரே வேலையைத்தான் செய்தன. பணம் கைக்கு வருமுன்னே பிரிந்துவிட்டது. அதனால்தான் எங்கள் பக்கம் பெண்கள், கூலி பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும், பி.எப். பிடிக்கிற பாஸ்புக் இல்லாத இடத்துக்குச் சுற்றப் போக யோசிப்பார்கள். இன்னொருவர் பாஸ்புக்கில் சுற்றிக்கொடுக்கிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: நீங்கள் சுற்றுகிற ஒவ்வொரு ஆயிரத்திலும் உங்கள் சேமிப்பு வேறொருவர் பேரில் ஏறுகிறது.

பி.எப். இல்லாத வீட்டில் இதே மாதிரி ஓர் ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டும். அதற்கு இப்போது கைவசம் இருக்கிற எளிய வழி உரிமைத் தொகை. 2023 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து மாதம் 1,000 ரூபாய் நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ஏ.டி.எம்.மில் எடுக்காமல் விட்டால் வருஷம் 12,000. மேலே சொன்ன வீட்டின் தீபாவளி முழுக்க அதில் முடிந்துவிடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தினமும் வேலைக்குப் போய் வருகிற பெண்ணுக்கு அது நிஜமான காசு. ஆனால் மிச்சமான அந்தப் பஸ் காசை அன்றன்றே தனியாக எடுத்து வைத்தால்தான் கண்ணில் தெரியும். இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு கடையில் முடிந்துவிடும்.

டீயைக் குறை, வடையைக் குறை என்று சொல்லுகிற புத்திமதியில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாள் முழுக்க வெயிலில் செங்கல் அடுக்குகிறவரிடம் அதைச் சொல்லவும் மனசு வராது. பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. போன் ரீசார்ஜ் 28 நாள் கணக்கு என்பதால் வருஷத்துக்கு பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று தடவை போடுகிறோம். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருதடவை. முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் 500-ஐத் தாண்டினால் கணக்கிடும் விகிதமே மாறி பில் ஏறிவிடும். பில் வராத மாசத்தில் பாதியை எடுத்து வைத்தால் வருகிற மாசம் இடிக்காது.

கொடையையும் மொய்யையும் நிறுத்திவிட்டால் சேமிக்கலாமே என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வில்லுப்பாட்டும் சாமக்கொடையும் இல்லாமல் எங்கள் ஊருக்கு வருஷம் திரும்பாது. மொய் நோட்டில் எழுதிய ஒவ்வொரு ஐந்நூறும் நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். இவற்றை வெட்டச் சொன்னால் நோட்டையே மூடி வைத்துவிடுவார்கள். இந்தச் செலவுகளுக்கு உரிய பணத்தை வாரத்துக்கு இவ்வளவு என்று முன்னாலேயே ஒதுக்கச் சொன்னால் கேட்பார்கள். 54,000 என்றால் மலைப்பாக இருக்கும். வாரத்துக்கு 1,040 ரூபாய் என்றால் கூலி வாங்குகிற சனிக்கிழமை எடுத்து வைக்கிற அளவுதான்.

எதை எங்கே வைப்பது

சீட்டைப் பழிக்கிறவர்கள் அதன் வேலையைப் புரிந்துகொள்ளவில்லை. இருபது பேர், மாதம் ஆயிரம், இருபது மாதம். மூன்றாம் மாதம் ஒருவர் நாலாயிரம் தள்ளிக் கேட்டால் அவருக்குக் கையில் 16,000. அந்த நாலாயிரம் இருபது பேருக்கும் ஆளுக்கு இருநூறாகப் பிரியும். முதலில் எடுக்கிறவருக்கு அது கடன், கடைசியில் எடுக்கிறவருக்குச் சேமிப்பு. வங்கி வாசலுக்குப் போகத் தயங்குகிறவர்களுக்கு இதைவிடப் பழக்கமான ஏற்பாடு இல்லை. ஆபத்து சீட்டு பிடிக்கிறவரிடம் இருக்கிறது. 1982-ன் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டு என்றால் நடத்துகிறவர் ஈடு கட்டியிருப்பார். அவருக்கான கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பின் அதிகபட்சம் 7 சதவீதம். தெருச் சீட்டில் ஈடு என்பது முகம் மட்டும்தான். எங்கள் தெருவிலேயே ஒரு வருஷம் தீபாவளிப் பலகாரச் சீட்டு பிடித்தவர், பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். வாரம் நூறு வீதம் நாற்பத்தைந்து வாரம் கட்டியிருந்தேன். 4,500 ரூபாய் போனதைவிட, என் பேச்சைக் கேட்டுச் சேர்ந்த இரண்டு பேருடைய பணமும் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

தபால் நிலைய ஆர்.டி. மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம். ஏஜென்ட் அக்கா வீட்டுக்கே வந்து வாங்கிப் போவார். ஆனால் அது ஐந்து வருஷக் கணக்கு. மாதம் ஆயிரம் கட்டினால் 60,000 போட்டு ஏறத்தாழ 71,000 வாங்கலாம். அடுத்த ஜூனுக்கு வேண்டிய பள்ளிச் செலவை அதில் போட்டால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. வருஷக் கட்டிகளுக்கு வங்கியின் 12 மாத ஆர்.டி. பொருந்தும். வங்கி டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு, வங்கிக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. பத்து வயதுக்குட்பட்ட பெண்பிள்ளை இருந்தால் செல்வமகள் திட்டம். வருஷத்துக்கு 250 ரூபாய் இருந்தாலே கணக்கு உயிரோடு இருக்கும், 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம்.

நகை பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் மாறியிருக்கிறது. செய்கூலியும் சேதாரமும் போவதால் அது நல்ல முதலீடில்லை என்று முன்பு வாதாடுவேன். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரை உடைத்து வந்த பிறகு அப்படிப் பேசுவதில்லை. அரிசி, துணி, பீடி இலை, பிள்ளைகள் புத்தகம் எல்லாம் சேற்றில் போன வீடுகளுக்கு அரசின் 6,000 ரூபாய் நிவாரணம் வருமுன் கைகொடுத்தது கழுத்தில் கிடந்த சங்கிலிதான். கூட்டுறவு வங்கியில் வைத்து, கையோடு பணம் வாங்கி அடுப்பு வாங்கினார்கள். உண்மையான திடீர் என்றால் அது. அதற்கு இரண்டு பவுன் இருப்பது நல்லது. தீபாவளிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதைக் கொண்டுபோய் வைப்பதுதான் தவறு. வெள்ளம் வரும்போது கைகொடுக்க வேண்டிய நகை வங்கியில் அடகாகக் கிடக்கும்.

முழு 1,040-ஐயும் முதல் வாரமே எடுத்து வைக்க எந்த வீட்டாலும் முடியாது, பழைய கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நான் தீபாவளி முடிந்த வாரத்தில் தொடங்கச் சொல்கிறேன். பொங்கலுக்கு ஏறத்தாழ பத்து வாரம் இருக்கும். மளிகைக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டரில் தை ஒன்றாம் தேதிக்குக் கீழே பென்சிலால் 6,000 என்று எழுதி, சனிக்கிழமைதோறும் 600 ரூபாயை ஒரு கவரில் போட வேண்டும், கடைக்குப் போகுமுன்னே. மற்ற எட்டுக் கட்டிகளை இந்த வருஷம் பழையபடியே சமாளித்துக்கொள்ளலாம்.

போன வருஷம் இப்படித் தொடங்கிய ஒரு மதினி, தை பிறந்ததும் படியரிசி, பனங்கிழங்கு, கரும்புக் கட்டோடு நாத்தனார் வீட்டுக்குக் கைமாத்து வாங்காமல் போய் வந்தாள். ஆறாயிரத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 180 ரூபாய். மாசி பிறந்ததும் அந்த 180-ஐக் கொண்டுவந்து, "இதை எந்தக் கணக்குல எழுத?" என்று கேட்டாள். இன்னொரு கவர் எடுத்து, மேலே 'பள்ளிக்கூடம்' என்று எழுதிக் கொடுத்தேன்.